சபையைச் சொன்னால் என்னைச் சொன்ன மாதிரி வலிக்கிறது

கேள்வி: எனக்கு 38 வயது. களக்காடு பக்கம் ஒரு கிராமம். பரம்பரையாக சி.எஸ்.ஐ. சபை (தென்னிந்தியத் திருச்சபை). திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மதியம் சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு எப்படியோ எங்கள் சபைப் பக்கம் திரும்பிவிடும். “உங்க சபை எலெக்‌ஷனுக்கு போலீஸ் பந்தோபஸ்தாமே”, “அரிசிக்கு மாறினவங்கதான நீங்க”, “வெள்ளக்காரன் விட்டுட்டுப் போன மதம்” என்று ஒவ்வொருவராக ஆரம்பிப்பார்கள். மூத்த அண்ணாச்சி ஒருவர்தான் அதிகம் பேசுவார். நான் சிரித்து மழுப்பிவிட்டு எழுந்துவிடுவேன். இரவில் தூக்கம் வராது. பேதுரு மறுதலித்த மாதிரி நானும் செய்துவிட்டேனோ என்று உறுத்துகிறது. சுயாதீன சபைக்குப் போகும் என் சித்தியோ, “அது செத்த சபை, வெளியே வந்து முழுக்கு ஞானஸ்நானம் எடு” என்று வாட்ஸ்அப்பில் தினமும் செய்தி அனுப்புகிறார். பத்தாம் வகுப்பு படிக்கும் மகன், “காணிக்கைய வச்சு கேஸ்தான நடத்துதாங்க, நான் எதுக்குக் கோயிலுக்கு வரணும்” என்று கேட்கிறான். நான் கடவுளுக்கு உண்மையாக இருக்கிறேனா? இன்னொன்று. அந்த அண்ணாச்சி தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்திருக்கிறார். போகக் கூடாது என்கிறார் சித்தி. என்ன செய்ய?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கல்யாணக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். இருப்பதில் அதுதான் சுலபம்.

முதலில் பேதுருவை விட்டுவிடுங்கள். நீயும் இயேசுவோடு இருந்தாயே என்று கேட்டபோது அந்த மனிதரையே தெரியாது என்றார் அவர். உங்கள் சாப்பாட்டு மேஜையில் இயேசுவைத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரியும் என்றுதான் சொல்லியிருப்பீர்கள், உங்கள் கடிதத்தைப் படிக்கும் யாருக்கும் அது புரியும். அவர்கள் கேட்டது திருமண்டலத் தேர்தலை, அதாவது ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் நிர்வாகத் தேர்தலைப் பற்றி. அதற்கு மழுப்பியதற்குப் பெயர் சங்கடம். அதைப் பாவக் கணக்கில் எழுதித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, ஏன் இவ்வளவு வலிக்கிறது? நானும் சி.எஸ்.ஐ. வீட்டில் பிறந்தவள்தான், அதனால் சொல்கிறேன். நம் பக்கத்தில் கோயில் என்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்வருகிற இடமாக இருப்பதில்லை. படித்தது மிஷன் பள்ளிக்கூடம், பெரியப்பா அதில் வாத்தியார், கல்யாணம் அந்தக் கோயிலில், சபையார் கூடிச் சாப்பிடும் அசனச் சோறு அந்த வளாகத்தில், தாத்தாவும் ஆச்சியும் அடக்கமாகியிருப்பது அந்தக் கல்லறைத் தோட்டத்தில். ஒருவர் சபையைக் கிண்டல் செய்தால் இத்தனை பேரையும் சேர்த்துக் கிண்டல் செய்த மாதிரி ஆகிவிடுகிறது. உங்கள் வலியில் பக்தியும் இருக்கிறது, குடும்ப மானமும் இருக்கிறது. மானம் தப்பான விஷயம் இல்லை. ஆனால் அதற்குப் பட்ட அடியைக் கடவுளுக்குப் பட்ட அடியாக எண்ணும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இந்த வலியோடு என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சபைக்கு வக்கீலாகிவிடுகிறார்கள். எதைக் கேட்டாலும் “அதெல்லாம் பொய், சதி” என்பார்கள். மீதிப் பேர் உங்களை மாதிரி வாயடைத்துப்போகிறார்கள். உங்களுக்கு இரண்டுமே தேவையில்லை.

தேர்தலும் வழக்கும் பொய்யா? இல்லையே. நம் திருமண்டலங்களில் நிர்வாகத் தகராறு நீதிமன்றம் வரை போவது ஊரறிந்த விஷயம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் வந்தால் எந்த அணி, எந்தக் குடும்பம், எந்த சாதி என்று சேகரத்துக்குச் சேகரம் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகள்) பேச்சாக இருக்கும். இதை அண்ணாச்சி சொன்னால் மட்டும் ஏன் அவதூறு ஆக வேண்டும்? நம் வீட்டுத் திண்ணையில் நாமே பேசுவதுதானே. “குற்றஞ்செய்து அடிக்கப்படும்போது பொறுமையோடே சகித்தால், அதினால் என்ன கீர்த்தியுண்டு?” என்று கேட்டவரும் பேதுருதான். செய்த தப்புக்கு வாங்கும் பேச்சைச் சிலுவை என்று சொல்லிக்கொள்ள அவர் இடம் கொடுக்கவில்லை. உண்மையான குறை வந்தால் ஆமாம் என்று ஒப்புக்கொள்வதுதான் விசுவாசி செய்ய வேண்டியது.

“அப்படி ஒப்புக்கொண்டால் அங்கே எப்படித் தொடர்ந்து இருப்பது?” இது நீங்கள் எழுதாத கேள்வி. ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. இதற்கு நான் அன்னாளைக் காட்டுவேன். முதலாம் சாமுவேலை இன்று இரவு திறந்து முதல் இரண்டு அதிகாரங்களைச் சேர்த்துப் படியுங்கள். பிள்ளையில்லாத அன்னாள் அழுது ஜெபித்த கதை நமக்கு ஞாயிறு பள்ளியிலிருந்தே மனப்பாடம். அவள் ஜெபித்த சீலோ கோயிலை யார் நடத்தினார்கள் என்பதை மட்டும் நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எல்க்கானா வருஷந்தோறும் குடும்பத்தோடு சீலோவுக்குத் தொழப் போனான் என்று சொல்லும் அதே வசனத்தில், ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் அங்கே ஆசாரியராக இருந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது. அந்த இரண்டு பேரும் என்ன செய்தார்கள்? ஜனங்கள் பலிகொண்டுவந்த இறைச்சி கொப்பரையில் வேகும்போதே மூன்று கூருள்ள ஆயுதத்தை விட்டுத் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். கொடுக்காவிட்டால் பலவந்தமாய் எடுப்போம் என்று மிரட்டினார்கள். கோயில் வாசலில் கூடிய பெண்களிடம் முறைகேடாக நடந்தார்கள். ஊரே பேசியது. ஏலியே தன் மகன்களிடம், ஜனங்கள் எல்லாரும் உங்களைப் பற்றிச் சொல்லக் கேட்கிறேன் என்கிறான். ஜனங்கள் கர்த்தரின் காணிக்கையையே வெறுப்பாய் எண்ணினார்கள் என்கிறது வேதம். உங்கள் மகன் கேட்ட கேள்வியை அன்று இஸ்ரவேலில் எத்தனை பிள்ளைகள் கேட்டிருப்பார்களோ.

அந்தக் கோயிலுக்குத்தான் அன்னாள் போனாள். போதாக்குறைக்கு, உதடு மட்டும் அசைய ஜெபித்தவளைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று ஏலி நினைத்துவிட்டான். அவள் சண்டைக்குப் போகவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. “அப்படியல்ல, என் ஆண்டவனே” என்று தொடங்கி, தான் மனம் நொந்தவள், குடித்தவள் அல்ல என்று பதில் சொன்னாள். பிள்ளை பிறந்ததும் அவனை அதே கோயிலில் விட்டாள். ஆண்டுதோறும் சின்னச் சட்டை ஒன்று தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் சட்டை கொண்டுபோன நாட்களிலும் ஓப்னியும் பினெகாசும் அங்கேதான் இருந்தார்கள். அவள் யாரை நம்பிப் போனாள் என்று யோசியுங்கள். அந்தச் சட்டை போட்ட பையன்தான் பிறகு ஏலியின் முகத்துக்கு நேராக, உன் வீட்டுக்கு நியாயத்தீர்ப்பு வருகிறது என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னவன். போய்வருவதும் உண்மையைச் சொல்வதும் ஒரே வீட்டில் நடந்திருக்கிறது.

நம் ஊர்ச் சரித்திரமும் இப்படித்தான். அதை வெள்ளையடித்துச் சொல்லிக்கொடுத்ததில்தான் நம் பிள்ளைகள் ஏமாந்துபோகிறார்கள். பாளையங்கோட்டைச் சபையின் கதையில் முதலில் வரும் பெயர் கிளாரிந்தா அம்மாள். தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டிய பிராமண விதவை, ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தவர். அதைக் காரணம் காட்டி முதலில் ஞானஸ்நானம் மறுத்த மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் (பாதிரியாரை நாம் ஐயர் என்போம்), அந்த அதிகாரி இறந்தபின் 1778இல் கொடுத்தார். 1785இல் எழும்பிய அந்தச் சின்னக் கோயிலைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே சனங்கள் சொன்னார்கள். ஊர் வாய் அந்த அம்மாளைச் சும்மா விட்டிருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? அப்புறம் இன்னொரு மிஷனரி, ரேனியஸ் ஐயர். பாளையங்கோட்டைக் கதீட்ரலைக் கட்டியவர், ஊர் ஊராகச் சபைகளை எழுப்பியவர். 1835இல் அவருக்கும் அவரை அனுப்பிய மிஷனரி சங்கத்துக்கும் முட்டிக்கொண்டது. உபதேசியார்களும் (ஊர்ச் சபைகளைக் கவனிக்கும் ஊழியர்கள்) சபைகளும் இரண்டாகப் பிரிந்தார்கள். 1838இல் அவர் இறந்த பிறகுதான் அந்தப் பிளவு மெல்ல ஆறியது. சண்டை நம் சபைக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன். அதனால் இன்றைய சண்டை சரியாகிவிடாது.

சாதியும் அப்படியே. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக இரண்டு கவையாகவே கோயில் கட்டி நடுவில் சுவர் வைத்தார்கள். அது கத்தோலிக்கர் கோயில், நம்முடையது அல்ல என்று தப்பித்துக்கொள்ளாதீர்கள். நம்மில் பல இடங்களில் சுவர் இல்லாமலே அந்தக் காரியம் நடக்கிறது. இதை யாராவது எடுத்தால் வாதாடவே வேண்டாம்.

உள்ளே இருந்துகொண்டே பேசியவர்களும் நமக்கு உண்டு. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910இல் எடின்பரோவில் உலகத்து மிஷனரிகள் கூடிய மாநாட்டில் எழுந்து, ஏழைகளுக்கு உணவாக உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அவர் சபையை விட்டுப் போகவில்லை, சொன்னதைத் திரும்பப் பெறவும் இல்லை. 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

இப்போது அந்த அரிசிக்கு வருவோம். இதில் தலை குனிய ஒன்றுமில்லை, மூடி மறைக்கவும் ஒன்றுமில்லை. தாது வருஷப் பஞ்சத்தின்போதும் (1876–78) அதற்குப் பிறகும் நெல்லைச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். பசித்தவன் சோறு போட்ட கையைத் தேடிப் போனான். அதில் கேவலம் என்ன இருக்கிறது? பட்டினி கிடக்கிறவனைப் பார்த்து நீ எதற்குச் சாப்பிட்டாய் என்று கேட்பதுதான் கேவலம். ஆனால் கதை அதோடு முடியவில்லை, அதற்கு முன்னும் இருக்கிறது. அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே, 1799இல், தாவீது சுந்தரானந்தம் என்ற நம் ஊர் உபதேசியார், விசுவாசத்துக்காக அடிபட்டு இடமில்லாமல் நின்றவர்களைக் கூட்டித் தேரிக்காட்டுப் பக்கம் முதலூரை உண்டாக்கினார். அன்று சபையில் சேர்ந்தால் அரிசி கிடைக்காது, இருந்த வீடு போகும். பஞ்சம் தீர்ந்த பிறகு பார்த்தால், 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது இந்த மக்களின் பிள்ளைகள்தான். நம் பணம், நம் ஆட்கள். போன இடம் தெலுங்கு நாட்டு டோர்ணக்கல். அரிசிக்கு மாறினவர்கள் என்று சொல்லப்படும் அதே வீடுகளில், உலையில் போடுமுன் கோயிலுக்கென்று ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்த ஆச்சிமார்களை உங்களுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும்.

வெள்ளைக்காரன் மதம் என்ற பேச்சுக்கும் நம் மண்ணிலேயே பதில் உண்டு. பாளையங்கோட்டையில் ஆரம்ப நாட்களில் சபையை நடத்திய சத்தியநாதன் ஐயர் 1790இல் குருப்பட்டம் பெற்ற தமிழர். நாசரேத் பக்கத்துச் சட்டாம்பிள்ளை மிஷனரிகளோடு மோதி 1857இல் தனிச் சபையே கண்டார். வெள்ளைக்காரரை விட்டார், கிறிஸ்துவை விடவில்லை. மதமும் வெள்ளைக்காரரும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

இவ்வளவும் உங்களுக்காகச் சொன்னேன். சாப்பாட்டு மேஜையில் கொட்டுவதற்காக அல்ல. டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு ரேனியஸிலிருந்து ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் குழம்பைக் கொட்டிக்கொள்வார். அங்கே இரண்டு வாக்கியம் போதும். தேர்தல் பேச்சு வந்தால், “ஆமா அண்ணாச்சி, எங்களுக்கும் அது வருத்தம்தான். நான் கோயிலுக்குப் போறது அவங்களுக்காக இல்ல.” அவ்வளவுதான், சாப்பாட்டைத் தொடருங்கள். அரிசிப் பேச்சு வந்தால், “எங்க ஆச்சி கோயிலுக்கு அரிசி கொடுத்துதான் நான் பாத்திருக்கேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் யார், சீண்டிப் பார்க்கிறவர் யார் என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். கேட்கிறவருக்கு நேரம் கொடுங்கள். நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிறவர்களுக்குச் “சாந்தத்தோடும் வணக்கத்தோடும்” உத்தரவு சொல்லச் சொன்னது பேதுருவின் நிருபம். மறுதலித்தவர் என்று நீங்கள் பயந்துகொண்டிருக்கிற அதே பேதுரு. பேச்சு எல்லை மீறி உங்கள் வேலையைத் தொட்டால், சாதிப் பெயரோ மதப் பெயரோ சொல்லி இழிவாகப் பேசினால், அது வேறு கதை. தேதி போட்டு எழுதிவைத்து மேலதிகாரியிடம் கொடுங்கள். சகித்துக்கொள்வது பக்தி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நான் “இருங்கள்” என்பது தேர்தல் சண்டை, பதவி ஆசை, அழுக்குப் பேச்சு இவற்றைத் தாண்டி இருக்கச் சொல்வது. பிள்ளைகளிடமோ பெண்களிடமோ யாராவது தவறாக நடந்தது தெரிந்தால், சபையின் பெயர் கெடும் என்று வாயை மூடக் கூடாது. பிள்ளைகள் என்றால் 1098, அடுத்து காவல் நிலையம். போக்சோ சட்டம் அங்கி போட்டவருக்கும் உண்டு. ஏலி மகன்களைக் கண்டித்ததோடு நிறுத்திக்கொண்டான், தடுக்கவில்லை. அவன் வீடு விழுந்தது அதனால்தான்.

சித்தி விஷயம் சுருக்கம். அவர் உங்கள் மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். முழுக்கா தெளிப்பா என்று வாட்ஸ்அப்பில் தீர்ந்த வரலாறு கிடையாது. “சித்தி, எனக்காக ஜெபம் பண்ணுங்க” என்று ஒரு பதில் போட்டுவிட்டு, அவர் செய்திகளைச் சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் உங்களுக்கே அவர் சபையில் ஆராதிக்க மனம் வந்தால் போகலாம், அது துரோகம் இல்லை. ஆனால் தினமும் திட்டு வாங்கி அலுத்துப்போய்ப் போகாதீர்கள். அலுப்பில் போகிறவர்கள் அங்கேயும் ஓராண்டில் அலுத்துவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சுயாதீன சபைகளிலும் கணக்கு கேட்கிறவர்களுக்கு நல்ல பெயர் கிடையாது.

மகனைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். “அப்படிப் பேசினா பாவம்” என்று மட்டும் அவனை அடக்காதீர்கள். அவன் கேட்டது நல்ல கேள்வி. காணிக்கை எங்கே போகிறது என்று கேட்கிறான், தெரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள். நீங்கள் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவர். உங்கள் ஊர்ச் சபையின் வரவு செலவு வாசிக்கும் நாளில் எத்தனை தடவை உட்கார்ந்திருக்கிறீர்கள்? இந்த முறை போங்கள், அவனையும் கூட்டிப்போங்கள். இதில் ஊருக்கு நிற்பது எவ்வளவு, திருமண்டலத்துக்குப் போவது எவ்வளவு, உபதேசியார் சம்பளம் எவ்வளவு என்று எழுந்து கேளுங்கள். பெண் எழுந்து கேட்டால் முதலில் ஒரு முணுமுணுப்பு வரும். வரட்டும். சங்கக் காணிக்கை கட்டும் உறுப்பினர் நீங்கள், கேட்க உரிமை உண்டு. பதில் திருப்தியில்லை என்றால் எழுதிக் கேளுங்கள். காணிக்கையில் ஒரு பகுதியை நேரடியாகக் கொடுக்கவும் செய்யலாம். பாளையங்கோட்டையிலேயே பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது, காது கேளாதோர் பள்ளி இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மகனோடு போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தப் பள்ளிகளைத் தொடங்கிய ஆஸ்க்வித் அம்மையாரும் ஸ்வென்சன் அம்மையாரும் அன்று செய்ததைக் காட்டி இன்றைய கணக்கை மூடி மறைக்க முடியாது, உண்மை. ஆனால் கோயில் என்றால் வழக்கு மட்டும்தான் என்று நினைக்கும் பையன் அதையும் பார்க்கட்டும்.

அவன் அதற்குப் பிறகும் சில ஞாயிறு வரமாட்டேன் என்றால் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். நீங்கள் போங்கள். வந்ததும் அன்று கேட்ட பிரசங்கம் சுமாராக இருந்தால் சுமார் என்றே சொல்லுங்கள். அம்மா கண்ணைத் திறந்துகொண்டுதான் போகிறாள் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். ராத்திரி ஜெபத்தை மட்டும் வீட்டில் விடாதீர்கள். அதில் எந்த அணியும் கிடையாது.

கடைசியாக அண்ணாச்சி வீட்டுக் கல்யாணம். தாராளமாகப் போங்கள். அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்து, போக மனதிருந்தால் போய் வைத்ததைச் சாப்பிடுங்கள் என்று கொரிந்தியருக்குப் பவுலே எழுதியிருக்கிறார், சித்தியிடம் அதைக் காட்டலாம். தினமும் சீண்டுகிற மனிதர் வீடு தேடிவந்து பத்திரிகை வைத்திருக்கிறார் என்றால், சாப்பாட்டு மேஜைப் பேச்சை அவர் நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிதாக எண்ணவில்லை. நல்ல பட்டுச் சேலையாக உடுத்துங்கள், மகனையும் கூட்டிப்போங்கள், பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுங்கள். மொய்யை மட்டும் உங்கள் பெயரில் எழுதச் சொல்லுங்கள். ஆபீஸ் மொத்தமாக வசூலித்து எழுதுகிற கவரில் சேர்த்துவிட வேண்டாம்.